கழற்றி வைத்த திரை

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. குன்றத்தூரில் எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூட, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்த திமிரில் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நிற்கிறவள் நான். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1991. ஒரகடம் பக்கம், வண்டிச் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பெயின்ட் காய வைக்க ஓர் அறை அளவுக்கு ஓவன் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கியது, அதோடு ஒரு கிழட்டு லேப்டாப்பும் வந்திருந்தது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று அதில் தட்டினால் ஓவன் சூடாகும். அவசரத்துக்கு ஒரு கை சுவிட்சும் உண்டு. அன்றைக்குச் சாப்பாட்டு பிரேக் முடிகிற நேரத்தில் லேப்டாப்பின் திரை இருண்டுவிட்டது.

ஆபீஸ் அறையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது, ஆக உயிர் இருக்கிறது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன, ஆக பின்னால் எரிகிற விளக்குதான் போச்சு. மூடியை ஆட்டினால் விளக்கு மின்னி மின்னி அணைந்தது, கீல் வழியாகப் போகிற வயர் நைந்திருக்கிறது. அவ்வளவுதானா என்று ஆஃப் செய்து, பாட்டரியைக் கழற்றி, வயரை உருவி, திரையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்தேன்.

அதில் எழுத்து வந்தது. யாரோ நிதானமாகத் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக, 'வெயிட்' என்று இங்கிலீஷில் நாலே எழுத்து. பழைய எழுத்தின் தடமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் தடம் என்றால் முழுதாக இருக்கும், ஒவ்வொரு எழுத்தாக வராது. திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஒரு வயரும் இல்லை.

அப்போதுதான் சூப்பர்வைசர் தணிகாசலம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆச்சா? லைன் நிக்குது. நான் கையாலயே ஹீட்டர போட்டுர்றேன்."

"சார், போடாதீங்க!"

"ஏன், இன்னா ஆச்சு?"

என்ன சொல்வது? "கதவத் தொறந்து உள்ள ஒருவாட்டி பாத்துட்டுப் போடுங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது.

முணுமுணுத்துக்கொண்டே ஓவனுக்குப் போனார், நானும் பின்னால் ஓடினேன். ஃபேன் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. அவர் தாழ்ப்பாளை இழுத்தார். உள்ளே சுவரோரம், வியர்வையில் நனைந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"ஏழுமல! நீ எப்பிடிடா உள்ள?"

சிக்கிக்கொண்ட டிராலி சக்கரத்தை எடுக்க பிரேக்கில் உள்ளே போயிருக்கிறான். கதவு திறந்திருக்கிறதே என்று எவரோ சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். எவ்வளவு தட்டியும் வெளியே கேட்கவில்லை.

தணிகாசலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொன்னுருப்பனேடா, உன்ன கொன்னுருப்பனே" என்று அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏழுமலை ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டு, "அதான் வந்துட்டேன்ல சார்" என்று சிரித்தான். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம் அன்றைக்கு லைன் ஓடவே இல்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அந்த வாரமே கதவுக்கு உள்பக்கமும் ஒரு கைப்பிடி வைத்தார்கள். இப்போது நினைத்தாலும் மனசு லேசாகிவிடும், அப்படி ஒரு நிம்மதி.

திரை விஷயத்தை யாரிடமும் நான் சொல்லவில்லை. சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் ஏழுமலை என்னிடம் வந்தான்.

"அக்கா, நீங்க வரலன்னா பயத்துலயே செத்துருப்பேன்."

"கதவத் தொறந்தது சாருப்பா."

"அதுக்கு முன்னாடிக்கா. கதவாண்ட நின்னுகினு, 'ஏழுமல, பயப்படாத, தோ சொல்லிட்டு வரேன்'னீங்களே. உங்க கொரலு எனக்குத் தெரியாதா?"

சார் வந்து எட்டிப் பார்க்கிற வரைக்கும் நான் அந்த ஆபீஸ் அறையை விட்டு நகரவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, தணிகாசலம் கூப்பிடுகிற வரைக்கும் அவன் பெயரே எனக்குத் தெரியாது.