கிளட்ச் இல்லாத வண்டி

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் கயல்விழி, ஒரு கார் விளம்பரப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எலுமிச்சை சாதத்தை மறந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது முதல் கார். "அக்கா, மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? நீங்களே சொல்லிடுங்க. எங்க வூட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். வழவழப்பான அந்தத் தாளிலிருந்து புது வாசனை குப்பென்று வந்தது. எனக்கு அது தாளின் வாசனையாகவே தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வண்டியின் சீட்டுகளைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையின் வாசனை. அதன் மேல் மல்லிகைப்பூ வாசனை, அதற்கும் மேலே வெண்ணெய் கேக் வாசனை. காருக்குள் கேக் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

மைலேஜ், சர்வீஸ் என்று அவளுக்கு ஏதோ பொதுவாகச் சொல்லி வைத்தேன். நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்ற உண்மைக் கதையைச் சாப்பாட்டு இடைவேளைக்குள் சொல்லி முடிக்க முடியாது. உங்களுக்கு அவசரமில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடு வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில். வேலையோ பாகூரில், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அதற்காகவே என் சம்பளத்தில் முதலில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். வாங்கினேன் என்றுதான் சொல்லலாம். ஓட்டினேன் என்று சொன்னால் மாதாவுக்கே அடுக்காது. என் கணவரின் அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் வரிசையாக ஒரே தெருவில். காலையில் நான் தலைசீவி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் உரக்கடைக்கோ, பால் சொசைட்டிக்கோ, யாரோ ஒருவரின் மைத்துனரை ஸ்டேஷனில் இறக்கிவிடவோ கிளம்பிப் போயிருக்கும். கேட்காமல் எடுத்தார்கள் என்று பழி சொல்லமாட்டேன். என் கொழுந்தனார் சவரி ஒவ்வொரு தடவையும் கேட்டார். "அண்ணி, சாவி எடுத்துனு போறன்" என்று தெருமுனையிலிருந்து குரல் வரும். நான் பதில் சொல்லும்போது ஸ்கூட்டரும் தெருமுனையில்தான் இருக்கும்.

ஆகவே, கார் வாங்குவது என்று முடிவானபோது வீடே துள்ளிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். இதுவும் ஸ்கூட்டர் மாதிரிதான் ஆகுமா? வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்க, நான் மறுபடியும் டிபன் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தொங்குவேனா? ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, நான் நினைத்தபோது நான் ஏறி நான் ஓட்டுகிற மாதிரி என் கையில் நிற்காதா? என் ஆசை முழுக்க அவ்வளவுதான்.

ஓட்டக் கற்றுக்கொண்டது மேனுவலில்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியின் கிளட்ச், உரலைக் காலால் தள்ளுவது போல இருக்கும். வில்லியனூர் ரயில்வே கேட் திறந்ததும் எல்லா வண்டியும் புறப்பட, என்னுடையது மட்டும் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்து போகும். பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்க்காரர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே மாட்டார். "காலை மெதுவா வுடும்மா, மெதுவா வுடு" என்று மாஸ்டர் கதறுவார். என் கால் எனக்குத் தெரிந்த மெதுவில்தான் விட்டது. ஆனாலும் விடாமல் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். கியர் போடத் தெரியாமல் ஆட்டோமேட்டிக் வாங்கியவள் என்று ஊரில் பலர் என்னைப் பற்றி நினைக்கிறார்கள். நீங்களாவது அப்படி நினைக்க வேண்டாம்.

ஷோரூமுக்குக் குடும்பமே போனோம். அங்கே இருந்த விற்பனைப் பையன் என் கணவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான். பாவம், என் கணவருக்குச் சைக்கிளைத் தாண்டி எந்த வண்டியும் ஓட்ட வராது. ஓட்டும் ஆசையும் கிடையாது. அவர் ஏ.சி. காற்றை அனுபவித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். சவரிதான் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து, காலடியைப் பார்த்துத் திடுக்கிட்டவர்.

"இன்னாப்பா இது, ரெண்டு பெடல்தான் கீது?"

"ஆட்டோமேட்டிக் சார். கிளட்ச் கிடையாது. கியரும் மாத்த வேணாம்."

சவரி என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஓர் அக்கறை. "வேணாம் அண்ணி. கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா? நாளிக்கு ஒரு அவசரம்னா நாங்க யாரு எடுத்து ஓட்றது? நம்ம தெருவுல ஒருத்தனுக்கும் இது தெரியாதே!"

அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது. தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது! மேனுவலின் நன்மைகளை விற்பனைப் பையன் விரல் விட்டுச் சொன்னபோதோ, ஆட்டோமேட்டிக் டிராஃபிக்கில் சுகம் என்று சொன்னபோதோ வராத தெளிவு, சவரியின் ஒரே பேச்சில் வந்துவிட்டது. என் கணவர் மெல்ல, "நீ இன்னா சொல்ற?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆட்டோமேட்டிக்" என்றேன். "செவப்பு கலர்" என்றும் சேர்த்துக்கொண்டேன். கேட்கிறபோதே கேட்டுவிட வேண்டும் இல்லையா?

வண்டி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எதிர் வீட்டுக் கஸ்தூரி, "அதெல்லாம் சரி, கண்ணு பட்டா இன்னா பண்ணுவ?" என்று நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவர்களுக்கு மூன்று காணி நெல்லும் கரும்பும் உண்டு. எந்தச் சாமிக்கும் குறை வைக்காத மனுஷி. நான் லீவரை நகர்த்திவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆக்ஸிலேட்டரை நான் தொடவே இல்லை. வண்டி தானாக மெல்ல நகர்ந்து, பழங்களை நசுக்கிக்கொண்டு, தீர்த்தச் செம்போடு எதிரே நின்ற சாமியாரை நோக்கிப் போனது. "பிரேக்கு, பிரேக்கு!" என்று எல்லோரும் கத்த, சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த ஞாயிறு பூசையில் அவர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சிரித்துவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் சவரி அடங்கவில்லை. அவர் பையனுக்குப் புது நன்மை வந்தது. முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் பக்கம் அது சின்னக் கல்யாணம். வில்லியனூர் பேக்கரியில் கேக் சொல்லியிருந்தார்கள். "அண்ணி, இன்னிக்கு ஒரு நாளு. எம்புள்ள கேக்க நானே ஓட்டினு வரணும்" என்று வந்து நின்றார். பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்கும்போது எப்படி மறுப்பது? சாவியைக் கொடுத்துவிட்டு, மனது கேளாமல் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்னால் அவர் மனைவி பிலோமினா, கேக் பெட்டியைத் திறந்து மடியில் வைத்து அழகு பார்த்தபடி வந்தாள். வெள்ளைக் கேக்கின் உச்சியில் சர்க்கரையில் செய்த ஆட்டுக்குட்டி.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வந்தது. சவரியின் இடது கால் இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டிய பழக்கத்தில் கிளட்சைத் தேடி, கிடைத்ததை ஓங்கி மிதித்தது. கிடைத்தது பிரேக். வண்டி ஆணி அடித்தது போல நின்றது. கேக் நிற்கவில்லை. டேஷ்போர்டு முழுக்கக் கிரீம், ஆட்டுக்குட்டி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. பிலோமினா மூக்கு நுனியில் கிரீமோடு மெல்லத் திரும்பினாள்.

"யோவ், நம்ம புது நன்மைக்குப் போறமா, அவஸ்தைப்பூசுதலுக்குப் போறமா?"

சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் பூசுதலை அவள் இழுத்ததும், எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. சவரி இறங்கிக் கதவைச் சாத்தினார். "இது மனுசன் ஓட்ற வண்டி இல்ல அண்ணி. நீங்களே வெச்சிக்கங்க." கேக்கை அப்பமாகத் தட்டி நேராக்கி வைத்தோம்; பிள்ளைகள் அதையும் ஒரு துளி விடாமல் தின்று தீர்த்தார்கள். விஷயம் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து ஓர் ஆண்பிள்ளைகூட என்னிடம் சாவி கேட்கவில்லை. எனக்கு உலகத்தையே எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது.

தினமும் பாகூருக்கு நானே போனேன், நானே வந்தேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டி இரண்டு பக்கமும் நாற்று பச்சைப்பசேலென்று வரும்போது ஜன்னலை இறக்கிவிட்டு வாய்க்கு வந்ததைப் பாடுவேன். வேலையில்லாத இடது கால் தாளம் போடும்.

அந்தப் பொங்கலுக்குத்தான் கஸ்தூரி வந்து நின்றாள். மகளைப் பாகூரில் கொடுத்திருந்தாள். பொங்கல் வரிசை எடுத்துப் போக வேண்டும். அறுப்பு நேரம், அவள் வீட்டுக்காரருக்கு ஓய்வில்லை. "யக்கா, உன் வண்டிய நீதான் ஓட்டணுமாமே. வரியா?" என்றாள். அரிசி, வெல்லம், புதுப்பானை, மஞ்சள் கொத்து எல்லாவற்றையும் பின்னால் அடுக்கி, கரும்பை ஜன்னல் வழியாக நீட்டி வைத்தோம். பிறகு பார்த்தால், அவளும் பின்கதவைத் திறந்து கரும்புக்கும் பானைக்கும் நடுவே உடம்பை நுழைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அங்க ஏன் போற? முன்னாடி வந்து குந்து."

"முன்னாடியா? நானா?"

"வேற யாரு கீறாங்க?"

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். சாலை திரும்பி நீளமாக விரிந்ததும் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, முன்னாடி குந்துனா ரோடு இப்பிடியா தெரியும்! இத்தினி வருசமா இதே ரோட்ல எங்க வூட்டுக்காரரு பொடனியத்தான பாத்துனு வந்தன்!"

எனக்கு அது உறைத்தது. வேன் பிடித்தாலும் டாக்சி பிடித்தாலும் டிரைவருக்குப் பக்கத்தில் வீட்டின் பெரிய ஆண்பிள்ளைதான். பெண்களும் பானைகளும் பின்னால். நானும் லைசென்ஸ் எடுக்கும்வரை அப்படித்தான் போயிருக்கிறேன். ஒரு நாளும் யோசித்ததில்லை.

திரும்பி வரும்போது பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். நிறுத்த ஒரு காரணமும் கிடையாது, தண்ணீரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. "சீக்கிரம் ஏறு" என்று கடிகாரம் பார்க்க ஆளில்லை. மகளுக்கு வைத்துவிட்டு மீந்த ஒரு கரும்பை ஒடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்! கஸ்தூரி, பிலோமினா, மூத்த ஓரகத்தி என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. நெட்டப்பாக்கத்தில் வளைகாப்பு, செல்லிப்பட்டில் காதுகுத்து, ஒன்றுமே இல்லாவிட்டால் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாமே, போய்ப் பார்க்கலாம். சண்டை முழுக்க முன்சீட்டுக்குத்தான். போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி என்று பஞ்சாயத்துப் பண்ணி வைத்தேன். அதற்கும் பிலோமினா, "போற வழி கிட்டக்க, வர்ற வழிதான் சுத்து. நான் வரும்போது குந்துறன்" என்று கணக்குப் போடுவாள். காருக்குள் பேசின பேச்சை எழுத முடியாது. மாமியார் முதல் மந்திரி வரை ஒருத்தரும் தப்பவில்லை. ஓரகத்தி, நாற்பது வருஷமாக வாய் திறக்காதவள், ஒரு நாள் முன்சீட்டில் உட்கார்ந்து, தனக்குப் பிறந்த வீட்டில் பார்த்த முதல் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். நான் சிரிப்புத் தாங்காமல் வண்டியை ஓரங்கட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை. உறுதியாகச் சொல்கிறேன்.

வண்டி என் கைக்குள் இருக்க வேண்டும் என்று ஆட்டோமேட்டிக் வாங்கினேன். தெருவில் பாதிப் பேர் அதில் ஏறிக்கொண்டார்கள். அதுதான் அதன் சுகமே என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சுற்றலெல்லாம் எப்போது நின்றது என்று நாள் சொல்லத் தெரியாது. பையன்கள் வளர்ந்தார்கள். செல்போனில் பார்த்து, இடது காலை மடக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது தெருவில் எண்ணிப் பார்த்தால் கிளட்ச் உள்ள வண்டிதான் குறைவு. வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. யாரும் யாரையும் கேட்டுப் போக வேண்டியதில்லை. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்வேனா?

முந்தாநாள் வில்லியனூரில் பெட்ரோல் போட நின்றேன். பக்கத்து வரிசையில் ஒரு புது வண்டி. ஓட்டுவது கஸ்தூரியின் மகன், பக்கத்தில் அவன் அப்பா. பின்சீட்டில், இருவர் தலைக்கும் நடுவே ரோட்டைப் பார்க்கக் கழுத்தை வளைத்துக்கொண்டு கஸ்தூரி. என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினாள்.

"யக்கா! எங்க, பாகூரா? ஆபீசா?"

"ஆமா. வரியா?"

அவள் கை கதவுப் பிடிக்குப் போனதை நான் பார்த்தேன். அதற்குள் மகன், "அம்மா, கிளாஸ ஏத்து. ஏ.சி. போவுது" என்றான். அவள் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடி ஏறியது, வண்டி போய்விட்டது.

என் வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒருத்தரும் சாவி கேட்பதில்லை. முன்சீட்டுக்குச் சண்டை போடத்தான் ஆளில்லை.