தலைக்கவசத்தில் தட்டிய சாவி

பபேடான் நகர்ப்பகுதியில் எங்கள் தெருவின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் நானும் ஒருவன். பூட்டு வெட்டும் கருவி ஒன்று புதிதாக வந்தபோது அதை வேறு யாரையும் நான் தொடவிடவில்லை. அந்தப் பெருமை ஒரு மதியம் சந்தி சிரித்தது.

பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடிச் சமையலறையில் தீ. நடக்க முடியாத கணவரைப் பால்கனி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பாத்திமா அக்கா கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். சைரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மாடிப்படியின் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. கருவியோடு பூட்டின்மேல் பாய்ந்தேன். தலைக்கவசத்தில் ஏதோ தட்டியது, தள்ளிவிட்டேன். மறுபடியும் தட்டியது, மறுபடியும் தள்ளினேன்.

சைரன் நின்றதும்தான் அக்காவின் குரல் காதில் விழுந்தது.

"ஏன் தம்பி பூட்டோட மல்லுக்கட்டுற? சாவி உன் தலைமேலதானே தொங்குது!"

அண்ணாந்து பார்த்தேன். மாடியிலிருந்து பேப்பர்காரருக்கு இறக்கும் கயிற்றின் நுனிக் கிளிப்பில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுச் சாவியையும் தினமும் நான் இப்படித்தான் வாங்குகிறேன்!

இருவரையும் பத்திரமாக இறக்கினோம். அலமாரி ஒன்றுதான் கருகியது. அடுத்த வாரம் அதே கயிற்றில் எனக்குத் தேநீர் வந்தது.

இப்போதும் கருவியைக் கொண்டுபோகிறேன். ஆனால் கதவைத் தொடுமுன் அண்ணாந்து பார்க்கிறேன். பெரும்பாலும் யாரோ எனக்காகக் கயிறு இறக்கியிருக்கிறார்கள்.