உப்பளத்துக்கு வழி

தொண்ணூறுகளில், இர்விங் அபார்ட்மெண்டில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர் அவர். டெக்சாஸ் வெயிலிலும் ஸ்வெட்டர் போடுவார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்துகளுக்கு உம்மென்றுதான் வருவார். எதையாவது விளக்கச் சொன்னால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். பிறகு நிறுத்தத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, லீவுக்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

“வெஸ்டர்ன் பிரான்ஸ். பாரிஸ் பக்கமே போகமாட்டேன். அங்க போனா இங்க பக்கத்து ஊர் காப்பெல்ல பாத்த அதே மூஞ்சிங்கதான். ஒரு வாரம் தனியா டிரைவ் பண்ணணும், ஒரு தமிழ் ஆளைக்கூடப் பாக்கக் கூடாது.”

அதோடு விட்டிருக்கலாம். மேப்பைக் கொண்டுவந்து விரித்து, பாயசக் கரண்டியால் வழி காட்டினார். சதுப்பு நிலத்துப் படகு வாய்க்கால்கள், உப்பளங்கள், கூட்டமே வராத கடற்கரை ஊர்கள். கரண்டி கடலைத் தொடுவதற்குள் நாலு குடும்பங்கள் கிளம்பத் தயாராகிவிட்டன.

“வேன் ரென்ட் பண்ணிடலாம் அங்கிள். நான் புளியோதரை கட்டிக்கறேன்,” என்றாள் என் மனைவி.

அவர் மேப்பை மடித்து எங்களிடமே கொடுத்துவிட்டார். கடைசி நேரத்தில், ஆபீஸில் லீவு இல்லை என்றார்.

உப்பளத்து ஓரம் நாலு குடும்பமும் புளியோதரையைப் பிரித்தபோது, அவரை நினைத்துப் பரிதாபப்பட்டோம்.

திரும்பியதும் ஒரு பொட்டலம் உப்போடு போய், “பாவம், உங்களுக்கு லீவு கிடைக்கலையே,” என்றேன்.

“கிடைச்சுதே. வீட்லயேதான் இருந்தேன். பாட்லக் இல்ல, கதவத் தட்ட ஆளில்ல. பிரமாதமா இருந்துது.” முகம் மலர்ந்திருந்தது. “அடுத்த வருஷம் பத்து நாள் ட்ரிப்பா ஒண்ணு போட்டுத் தரட்டுமா?”

போட்டும் தந்தார். போனோம்.