முன்ஜாக்கிரதையின் ஜீப்

மலை உச்சியில் செல்போன் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டருக்கு அடிவாரத்துக்காரர்கள் வைத்த பெயர் முன்ஜாக்கிரதை. பளீரென்று வெயிலடிக்கும்போதும் குடையோடுதான் வருவார். பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். ஆனால் அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்தபோது யாரும் கேலி செய்யவில்லை. போன முறை அவர் மனைவிக்கு வலி கண்டபோது, வரச்சொன்ன கார் சேற்று மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை போய்விட்டது. இப்போது மறுபடியும் அவளுக்கு நிறைமாதம்.

ஜீப் எந்தச் சேற்றையும் மதிக்காது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் இருமும், திணறும், நின்றுவிடும். சும்மா விட்டால் சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். நின்ற இடத்தில் கார்பரேட்டரைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் இருக்காது. குழாயை ஊதினால் அடைப்பும் இருக்காது. பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி மாட்டிக்கொள்கிறதோ என்று ஊசியை மாற்றினார். மிதவையை மாற்றினார். பெட்ரோல் பாயும் ஜெட்டைக் கழற்றி அதன் துளை வழியே வானத்தைப் பார்த்தார். வானம் தெரிந்தது, கோளாறுதான் தெரியவில்லை.

அடிவாரத்து மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அண்ணே, கார்பரேட்டர்ல ஒண்ணுமில்ல. நீங்க கழட்டிக் கழட்டி ஸ்க்ரூவோட தலைதான் தேஞ்சுபோச்சு. நான் ஓட்டிப் பாத்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு?"

"நீ கடையச் சுத்தி ஓட்டினா ஓடும்ப்பா. நான் மலை தாண்டி வரணும்."

சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் காதில் அந்த இருமல்தான். "என் வயித்துல காதை வெச்சதவிட அந்த பானட்டுலதான் அதிகம் வெச்சிருக்கீங்க" என்பாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வராது. திங்கட்கிழமை அவளைக் கீழே தங்கை வீட்டில் விட்டுவிடுவதாக முடிவு. குழந்தை அவரைவிட முன்ஜாக்கிரதை போலிருக்கிறது. சனிக்கிழமை மத்தியானமே வலி எடுத்துவிட்டது.

இறக்கம் முடிந்து எதிர்மேடு ஏறும்போது ஜீப் இருமியது. திணறியது. நின்றேவிட்டது.

பானட்டைத் திறந்து ஸ்பேனரோடு குனிந்தார். அதே பாதை, அதே மேடு, பின்சீட்டில் அதே முனகல். இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்ற பயத்தில் எந்த நட்டைத் திருகுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க, மொதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நேத்துதான்மா ரொப்பினேன்."

"பாருங்கன்னா பாருங்க!"

டாங்கி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் பங்க் இரைச்சலில் ஒருநாளும் காதில் விழாத சத்தம். மூடியைத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த சின்னத் துளையைப் பசை வைத்து அடைத்திருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடக் கூடாதே என்று, வாங்கிய வாரமே அவர் அடைத்தது! காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் வெளியே வரும்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு, பாவம், கார்பரேட்டரைப் போட்டு வதைத்திருக்கிறார்.

"என்னங்க அது?"

"நான்தான்மா... நானேதான் இதோட மூச்ச அடைச்சு வெச்சிருக்கேன்."

"அப்புறமா திட்டறேன். வண்டிய எடுங்க!"

பசையைச் சுரண்டி எறிந்தார். ஜீப் முக்கியது, முனகியது, கடைசியில் கிளம்பியது. அதன்பிறகு வழியில் அது ஒரு தடவைகூட இருமவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டால்? அணைத்த வண்டி மறுபடி கிளம்பாவிட்டால்? இஞ்சினை ஓடவிட்டு, பானட்டில் கைவைத்தபடி பிரசவ அறை ஜன்னலுக்கு வெளியே நின்றார். அதன் சத்தம் லேசாக மாறும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நர்ஸ் ஒருத்தி சிடுசிடுப்போடு வெளியே வந்தாள்.

"யார் வண்டி இது? அணைங்க மொதல்ல! பொகையெல்லாம் உள்ள வருது. இப்பத்தான் பொறந்த கொழந்தை இருக்கு."

"யாரோட கொழந்தைங்க?"

"மலைமேலேருந்து வந்தாங்களே, அவங்களோடது. நீங்க யாரு?"

அவர் ஜீப்புக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் அடங்கியதும், அதுவரை அந்த இரைச்சலில் கேட்காமல் போன அழுகை ஜன்னல் வழியே நன்றாகக் கேட்டது.