ஆலப்பாக்கம் தாண்டும்போது விமானக் கம்பெனியிடம் ஒரு கேள்வி

இன்று கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு விமானக் கம்பெனியின் தலைவரைக் கேள்வி கேட்டுவிட்டேன்.

அந்தக் கம்பெனியின் பத்துப் பங்குகள் என்னிடம் இருக்கின்றன. விமானத்தில் போகிறவர்கள் குறைந்துபோனதில் கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது; பங்கும் பாதி விலைக்கு வந்துவிட்டது. ஆண்டுக் கூட்டம் ஆன்லைனில் நடந்தது. பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது என் முறை வந்தது.

பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம் போனைக் காட்டிக் கெஞ்சினேன்.

"பாட்ட நிறுத்துங்கண்ணே, அக்கா மீட்டிங்ல பேசறாங்க!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். மொத்த பஸ்ஸும் அமைதியானது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "நஷ்டம் என்று சொல்லி ஊழியர்களின் சம்பளத்தைக் குறைத்தீர்கள். இயக்குநர்களுக்கு மட்டும் எதற்குச் சம்பள உயர்வு?"

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு, "இந்த வருடம் அந்த உயர்வை நாங்கள் வாங்கிக்கொள்ளப் போவதில்லை" என்றார்.

பக்கத்து சீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா சொல்றாரு?"

"இந்த வருஷம் அவுங்க சம்பளத்த ஏத்திக்க மாட்டாங்களாம்."

"அப்புடிக் கேளு!" என்று என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். பின்சீட்டிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

சிதம்பரத்தில் இறங்கும்போது வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ்: "உன் பங்கு இன்னிக்கும் எறங்கிடுச்சு."

இறங்கட்டும்.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறினால், முதலாளிகளில் ஒருத்தி என்ற உரிமையில் ஜன்னல் சீட்டு கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.