ஒரு மழை பார்த்துட்டு விடுங்க

கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்புறக் கோய் மீன் குளத்தை இடித்துப் புதிதாகக் கட்டினேன். தண்ணீரைச் சுத்தப்படுத்தப் பெரிய ஃபில்டர் வைத்தேன். நிறைந்து வழியும் தண்ணீர் போக, பின்னாலிருக்கும் லோங்காங் எனும் சாக்கடைக் கால்வாய்க்குக் குழாய் இறக்கினேன். பீப்பாயில் காத்திருந்த மீன்களை அன்றே குளத்தில் விடப் போனேன்.

என் மனைவி செல்வி தடுத்தாள். “அவசரப்படாதீங்க லா. ஒரு மழை பார்த்துட்டு விடுங்க.”

முணுமுணுத்தபடி மீன்களைப் பீப்பாயிலேயே வைத்திருந்தேன். மறுநாள் மாலை மழை கொட்டியது. லோங்காங் நிரம்பி, கறுப்புச் சாக்கடை என் குழாய் வழியாகவே குளத்துக்குள் திரும்பி வந்தது. பீப்பாயில் மீன்கள் பத்திரமாக இருந்தன.

“எப்படித் தெரியும்?” என்றேன்.

“தினமும் அங்க துணி காயப்போடுறது நான்தானே! மழைக்குத் துணி எடுக்க ஓடும்போதெல்லாம் லோங்காங் பொங்குறதப் பார்க்கிறேன்.”

குளத்தின் விளிம்பையும் குழாயையும் உயர்த்தினேன். இப்போதெல்லாம் வீட்டில் எதைக் கட்டுவதென்றாலும், அளவுநாடாவை எடுக்குமுன் செல்வியைக் கூப்பிடுகிறேன்.