பூட்டச் சொன்ன கதவு

நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு கடிதம் இரண்டு பேரைப் புகைக்குள் அடைத்துவிட்டால், எழுதியவன் எதுவரை பொறுப்பு? புனேயில், சாங்வி பகுதியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மாலின் இரண்டாம் தளத்தில், ஒரு மழைக்கால மதியம் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் கல்லூரியில் படித்தபோது அந்த மாலின் நகரும் படிக்கட்டில் ஏறவே வரிசை நின்றது. பிறகு வேறு பக்கங்களில் பெரிய மால்கள் வந்தன. இங்கே கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. இரண்டாம் தளத்தில் எஞ்சியது, பக்கத்துக் கட்கி பகுதியிலிருந்து வரும் தமிழ் அக்கா ஒருவரின் துணி ஆல்டரேஷன் கடை மட்டுமே. மூடிய கடைகளின் மின்கம்பிகளைத் திருட, பின்படிக்கட்டு வழியாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்கா பயந்தார். சமூகப்பணி படித்தவன் என்பதால் நான் ஆங்கிலத்தில் மனு எழுதித் தந்தேன்: பின்படிக்கட்டுக் கதவைப் பூட்ட வேண்டும். எந்தக் கோரிக்கைக்கும் அசையாத நிர்வாகம் இதை மறுநாளே நிறைவேற்றியது.

அந்த மதியம், தைக்கக் கொடுத்த பேன்டை வாங்கப் போயிருந்தேன். மின்சாரம் போனது. நகரும் படிக்கட்டருகே மின்பெட்டியிலிருந்து கரும்புகை எழுந்து முன்வழியை மறைத்தது. பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு. நான் கேட்டு வாங்கிய பூட்டு.

"வாச்மேனுக்குப் போன் போடு தம்பி!" அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

போட்டேன். "சாவி கீழ ஆபீஸ்ல இருக்காம்க்கா. எடுத்துட்டு வர்றாராம்."

"உன் இங்கிலீஷ் லெட்டரு பலமாத்தான் வேலை செய்யுது" என்றார், இருமலுக்கிடையே.

என்னால் சிரிக்க முடியவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்துக் காற்றை இழுத்தோம். மறுபக்கம் சாவிக்கொத்து ஒலிக்கும்வரை நான் நினைத்தது ஒன்றுதான்: இவருக்கு ஏதாவது ஆனால், அந்த மனுவின் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது.

இரண்டு நாளில் தளம் மீண்டும் திறந்தது. கதவில் பூட்டும் மீண்டும் தொங்கியது. தீயணைப்புத் துறைக்கு எழுத உட்கார்ந்தேன்; கை ஓடவில்லை. எழுதினால் தளத்தையே மூடுவார்கள், அக்காவின் பிழைப்பு போகும். இம்முறை முதலில் அவரிடமே கேட்டேன்.

ஒரு பாவாடையின் ஓரம் முழுவதையும் தைத்து முடித்தபின் சொன்னார்: "எழுது. மூடுனாங்கன்னா என் மிஷினை நீதான் தூக்கணும்."

மூடினார்கள். அதே பின்படிக்கட்டு வழியாக மிஷினை நானே இறக்கினேன். இப்போது அவர் கட்கியில் தம் வீட்டு முன்னறையில் தைக்கிறார். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கு வருவதில்லை. யாருக்காக மனு எழுதினாலும், அது நிறைவேறினால் என்ன ஆகும் என்று அவர்களோடு பேசிய பிறகே இப்போது கையெழுத்து வாங்குகிறேன்.